ஆளுங்கட்சி தோற்ற வெள்ளிக்கிழமைகள்

தாசையன் அண்ணன் போய்விட்டார் என்று முருகேசன் போன் செய்தபோது என் மீசையின் இடது பாதி கறுப்பாகவும் வலது பாதி வெள்ளையாகவும் இருந்தது. இதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அன்று ஆஸ்பத்திரி வாசலில் கூடியிருந்த நம் சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும், அவ்வளவு துக்கத்திலும், என் மூக்குக்குக் கீழே ஒரு தடவையாவது பார்த்தீர்கள். வெளியே நாலு விதமாகப் பேசுவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. வியாழக்கிழமை சாயங்காலம் சாயம் பூசுவது என் வழக்கம். வெள்ளிக்கிழமை காலை டீக்கடையில் இளமையாக உட்கார வேண்டுமே.

பாதிப் பூச்சில் போன் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். மிச்சப் பாதி ஞாபகத்துக்கு வந்தது பிணவறை வாசலில்தான். முருகேசன் அழுதுகொண்டே என் தோளில் சாய வந்தவன், பாதி வழியில் நின்று, "அண்ணே... மீசை" என்றான். தாசையன் அண்ணன் எழுந்து பார்த்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார். "என்ன டே, பாதித் தொகுதி ஒனக்கு, பாதித் தொகுதி மத்தவனுக்கா? கூட்டணியா வச்சிருக்கே?" என்று கேட்டிருப்பார். அவருக்கு உலகத்தில் எல்லாமே தொகுதிதான்.

அவரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். இங்கே பஹ்ரைனில், மனாமாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்மேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு, உறைந்த மீன் பெட்டிகளுக்கு நடுவே நின்று பத்துப் பன்னிரண்டு பேரைச் சத்தம் போட்டு வேலை வாங்குவார். அடக்கம் என்கிற சரக்கு அவரிடம் இருந்ததே இல்லை. தனக்குத் தெரிந்தது பத்து என்றால் நூறாகச் சொல்வார். தெரியாததை ஆயிரமாகச் சொல்வார். குதைபியாவில் இரண்டு பேரோடு ஒரு ரூமில் இருந்தார். மனைவி புஷ்பம், நர்ஸ். முதலில் இங்கேதான் வேலை பார்த்தார். பிறகு இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊருக்கு ஆஸ்பத்திரி வேலைக்குப் போனார். மகள் ஜெனிஃபர் அம்மாவோடு போய்விட்டாள். அண்ணன் மட்டும் இங்கே.

வளைகுடாவில் மனைவி ஊரில் இருக்கிற ஆளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நாம் எல்லோரும் அந்த ஜாதிதான். ஆனால் மனைவி இங்கிலாந்தில் இருக்கிற ஆள் அப்படித் தப்பிக்க முடியாது. மளிகைக் கடையில் கேட்பார்கள், சலூனில் கேட்பார்கள், சர்ச்சில் பூசை முடிந்து சாமியாரே கேட்பார்: "எப்போ லண்டன்?" அந்த ஊருக்கும் லண்டனுக்கும் ரொம்ப தூரம் என்று அண்ணன் ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை என்றால் குறைந்தது ஐந்து பேராவது அவரிடம் அதைக் கேட்டிருப்போம். நானும் முருகேசனும் சேர்த்தி.

அந்தக் கேள்விக்குத்தான் அவர் ஒரு பதில் கண்டுபிடித்தார். "இந்த இடைத்தேர்தல் முடியட்டும் டே."

முதல் தடவை அதைக் கேட்டபோது ஊரில் யாரோ எம்.எல்.ஏ. செத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் சொன்னது பிரிட்டிஷ் பார்லிமென்ட் இடைத்தேர்தலை. அடுத்த வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து கடைக்குள் வரும்போதே கையை விரித்துக்கொண்டு வந்தார். "போச்சு. ஆளுங்கட்சி தோத்துப் போனான்."

முருகேசன் ராமநாதபுரத்துப் பக்கம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். டீ கிளாஸை வைத்துவிட்டான். "ஆளுங்கட்சி எப்படிண்ணே இடைத்தேர்தல்ல தோக்கும்? மந்திரிங்க யாரும் தொகுதியில போய்த் தங்கலையா?"

"தங்க மாட்டான் டே. ஒரு நாள் வருவான், கை குடுப்பான், போயிருவான்."

"பிரியாணி?"

"எவன் டே அங்க பிரியாணி போடுகான்? வீட்டு வாசல்ல போய்ப் பெல் அடிப்பான். அவன் கதவைத் தொறந்து, எனக்கு வேலை கெடக்குன்னு மூடிருவான். அவ்வளவுதான் தேர்தல்."

நானும் முருகேசனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாம் வளர்ந்த ஊரில் இடைத்தேர்தல் என்பது ஆளுங்கட்சி ஜெயிப்பதற்காக நடத்துகிற விழா. அதிலே ஒரு அரசாங்கம் தோற்கிறதென்றால் பூமி பிளந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அரசு அடுத்த வாரமே கவிழும் என்று நான் ஆபீஸில் அடித்துச் சொன்னேன். கேரளாக்காரர் ஒருவர் அதை நம்பி வேறு நாலு பேரிடம் சொன்னார். அரசு கவிழவில்லை. அடுத்த பொதுத்தேர்தலிலும் அதே கட்சி ஜெயித்தது. என் அரசியல் ஞானத்தின் மேல் ஆபீஸில் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்றோடு கலாஸ்.

அண்ணன்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தார். அந்த ஊர் இடைத்தேர்தல் வேறு ஜாதி என்றார். "ஆளுங்கட்சி அங்க இடைத்தேர்தல்ல தோக்குகது காய்ச்சல் மாதிரி. எல்லாருக்கும் வரும். செத்துட்டான்னு மாலை வாங்கப் போயிராதே." மூன்றாவது கட்சி ஒன்று அங்கே இடைத்தேர்தலாகப் பார்த்து ஜெயிக்கிறதே, அது எப்படி என்று கேட்டேன். "அது பொண்டாட்டி மேல கோவத்துல ஓட்டல்ல சாப்பிடுகது டே. ரெண்டு நாள் சாப்பிடுவான். பொறவு வீட்டுக்குத்தான வரணும்?" இன்னொரு நாள் சொன்னார்: "யாரு ஜெயிச்சான்னு பாக்காதே. ஓட்டுப் போட வராம வீட்டுலயே இருந்தான் பாரு, அவன் யாருன்னு பாரு. போன தடவை ஆளுங்கட்சிக்குப் போட்டவன்தான் இந்தத் தடவை கதவைச் சாத்திட்டு டிவி பாக்குகான்." எனக்குப் பிடித்தது இது: "இடைத்தேர்தல் முடிவு எதிர்க்கட்சிக்குச் சந்தோசம் குடுக்கதுக்கு வாறது இல்ல. ஆளுங்கட்சி எம்.பி.மாருக்கு வயித்தக் கலக்கதுக்கு வாறது. நாளைக்கு எனக்க சீட்டும் இப்பிடித்தானோன்னு ஒவ்வொருத்தனும் தலைவனைத் திரும்பிப் பாப்பான்."

இதில் பாதியாவது அவர் சொந்தமாகச் செய்தது என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கேட்டால், "ரேடியோல சொன்னான்" என்பார். அந்த ஊரில் மழை மேலேயிருந்து பெய்யாமல் பக்கவாட்டில் பெய்யும் என்பார். பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிற கிழவி எல்லோரையும் 'கண்ணே' என்றுதான் கூப்பிடுவாள் என்பார். பொரித்த மீனுக்கு வினிகர் ஊற்றினால் தாள் எப்படி ஊறி விரலில் ஒட்டும் என்று செய்து காட்டுவார். எப்படி அண்ணே தெரியும்? "ரேடியோல சொன்னான் டே." அந்த ரேடியோவில் மீன் வாசனைகூட வந்தது போலிருக்கிறது.

சரி, இந்த இடைத்தேர்தலுக்கும் அவர் விசாவுக்கும் என்ன சம்பந்தம்? அதற்கும் அவரிடம் தத்துவம் இருந்தது. "தோத்தவன் வீட்டுக்கு வந்து யாரைப் போட்டு அடிப்பான்? ஓட்டு இல்லாதவனை." ஆளுங்கட்சி இடைத்தேர்தலில் தோற்றால் பயந்துவிடும், பயந்தால் உடனே வெளிநாட்டுக்காரன் மேல் பாயும், விசா சட்டத்தை இறுக்கும். ஜெயித்தால் மெத்தனமாக இருக்கும், கதவு பாதி திறந்தே கிடக்கும். ஆகவே ஆளுங்கட்சி ஒரு இடைத்தேர்தலில் ஜெயிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, ஜெயித்த சூட்டோடு மனுப் போட வேண்டும். இதுதான் திட்டம். ஆனால் அந்தக் கட்சி போர், வரி என்று எதற்காவது அடி வாங்கிக்கொண்டே இருந்தது.

அங்கே ஓட்டு வியாழக்கிழமை. எண்ணி முடிக்கும்போது நமக்கு வெள்ளிக்கிழமை விடிந்திருக்கும். "நம்ம லீவு நாளைப் பாத்துத்தான் வெள்ளைக்காரன் தேர்தல் வைக்கான்" என்பார் அண்ணன். விடியற்காலையில் கையடக்க ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு முடிவு கேட்டு, குளித்து, பூசைக்குப் போய், பிறகு எங்களிடம் வருவார். அவர் நடந்து வருகிற விதத்திலேயே முடிவு தெரிந்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத்தான் வருவார்.

ஒரு நாள் மட்டும் வேகமாக வந்தார். "கேட்டியா? புஷ்பத்துக்கு அங்க ஓட்டு உண்டு டே!"

"வேலை விசாவுல போனவங்களுக்கு எப்படிண்ணே ஓட்டு?" என்றான் முருகேசன்.

"ஒரு காலத்துல நம்மள ஆண்டான்லா, அந்தப் பழக்கம். நம்ம நாட்டுக்காரன் அங்க குடியிருந்தா ஓட்டுப் போடலாம்."

 இங்கே நமக்கு ஓட்டுக் கிடையாது, சரி. ஊரில் ஆள் இல்லை என்று அங்கேயும் பட்டியலில் இல்லை. மூன்று பேர், மூன்று கிளாஸ் டீ, ஓட்டு மட்டும் மாஃபி, ஒன்றுகூட இல்லை. அரசியல் பேச்சு மட்டும் குறைவே இல்லை. "அவளுக்க ஓட்டை ஆளுங்கட்சிக்குப் போடச் சொல்லியிருக்கேன்" என்றார் அண்ணன். "அவ கேப்பாளா தெரியல."

அவருடைய ஜோசியம் ஒரு தடவை பலித்தது. அங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கு நாலு வருஷம் வேலை செய்தால் போதும் என்று இருந்ததை ஐந்து வருஷம் ஆக்கினார்கள். புஷ்பம் சிஸ்டர் (நாங்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) நாலை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அன்று அண்ணன் உட்காரவே இல்லை. "நான் சொன்னேன்லா? தோத்தவன் யாரை அடிப்பான்னு சொன்னேன்லா?" என்று கடைக்காரர் உட்பட எல்லோரிடமும் கேட்டார். தான் சொன்னது சரியாகப் போய்விட்டது என்கிற பெருமையும், சரியாகப் போய்விட்டதே என்கிற களைப்பும் ஒரே முகத்தில். அதற்குப் பிறகு நாங்கள் அவர் தத்துவத்தை முழுசாக நம்பினோம். நம்பியதோடு நிற்காமல், இடைத்தேர்தல் நடக்காதா என்று வெள்ளைக்கார எம்.பி.க்களின் உடல்நிலையைக்கூட விசாரிக்க ஆரம்பித்துவிட்டோம். கர்த்தர் மன்னிக்கட்டும்.

அந்தக் கோடையில் சிஸ்டரும் ஜெனிஃபரும் ஊருக்குப் போகிற வழியில் இங்கே சில நாள் தங்கினார்கள். ஜெனிஃபர் அப்போது வளர்ந்த பெண். தமிழைக் கூச்சத்தோடு, சுடுகிற டீயைக் குடிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். "அப்பா, எப்ப வருவீங்க?" என்று கேட்டாள். அண்ணன் அவளுக்கும் அதே பாடத்தை எடுத்தார். காய்ச்சல், ஓட்டல் சாப்பாடு, வயிற்றுக் கலக்கம் எல்லாம் வந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள், "அப்பா, எங்க ஊர்ல போன மாசம் எலெக்‌ஷன் நடந்துச்சு. என் ஃப்ரெண்ட்ஸ் யாருக்கும் தெரியாது" என்றாள். நாங்கள் சிரித்துப் புரண்டோம். நான் சிஸ்டரைப் பார்த்து, "நீங்களாவது சொல்லக் கூடாதா சிஸ்டர்? மனுவைப் போடச் சொல்லுங்க. இவரு இங்கிலாந்துல எல்லா எம்.பி.யும் செத்து எல்லா சீட்டுக்கும் இடைத்தேர்தல் நடக்கட்டும்னு உக்காந்திருக்காரு" என்றேன். என் ஜோக்குகளுக்கு யாராவது சிரிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சிஸ்டர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு, ஆறிப்போன டீயைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

அவர் ஏன் போகவில்லை என்பதற்கு நான் பல காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வம்பு பேசுகிறவனுக்குக் காரணம் இல்லாமல் தூக்கம் வராது. முதலில் குளிருக்குப் பயம் என்றேன். முருகேசன் சிரித்தான். "அண்ணே, அவரு டூட்டியே ஐஸ் பெட்டிக்குள்ளதான்." பிறகு, இங்கே ஃபோர்மேனாக அதட்டிக்கொண்டிருக்கிற ஆள், அங்கே போய் நர்ஸ் வீட்டுக்காரர் என்று பேர் வாங்கி, சமைத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமே, அந்த வெட்கம்தான் என்று முடிவு கட்டினேன். இதை அவர் காதில் விழும்படியே சொல்லியும் இருக்கிறேன். "எடே, ஒனக்குப் பொழுது போகல" என்பார்.  வாய் ஓயாத மனுஷன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சுருக்கமாக முடித்துக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆளுங்கட்சி ஜெயித்தேவிட்டது. இந்தத் தடவை நாங்களே காலையில் நியூஸ் பார்த்துத் தெரிந்துகொண்டோம். முருகேசன் முஹர்ரக் போய், குங்குமப்பூ போட்ட பஹ்ரைன் அல்வா ஒரு டப்பா வாங்கி வந்தான். அண்ணன் கடைக்குள் நுழைந்ததும் நான் எழுந்து மாலை போடுவதுபோல் துண்டைப் போட்டேன். "ஜெயிச்சாச்சுல்ல. யல்லா, போடுங்கண்ணே மனுவை!" என்றான் முருகேசன். பக்கத்து மேஜைக்காரர்கள் கை தட்டினார்கள். அண்ணன் அல்வாவை ஒரு விரலால் வழித்துச் சாப்பிட்டார். பிறகு சொன்னார்: "வித்தியாசத்தைப் பாரு டே. போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு. இதுக்குப் பேரு ஜெயிப்பா? தோல்விக்குக் கோட்டு மாட்டி விட்டிருக்கான்."

கடை முழுக்கச் சிரிப்பு. நான் முருகேசனிடம், "பார்த்தியா, தோத்தாலும் போக மாட்டார், ஜெயிச்சாலும் போக மாட்டார்" என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். மூன்றாவது வாரம் வந்து, வழக்கம்போல் சர்க்கரை கம்மி என்று கடைக்காரரைத் திட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம்.

பிறகு அந்தக் கட்சிக்குக் காலம் சரியில்லாமல் போனது. பரம்பரையாக அவர்களுக்கே விழுந்துகொண்டிருந்த தொகுதிகளிலும் தோற்றார்கள். அண்ணன் முன்போல் விளக்குவதில்லை. நாங்களும் கேட்பதைக் குறைத்துக்கொண்டோம். எங்களுக்கும் வயதாகிவிட்டது, அரசியல் பேசத் தொடங்கினால் பாதியில் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று பேச்சு இறங்கிவிடும். ஒரு நாள் தானாகவே சொன்னார்: "இது காய்ச்சல் இல்ல டே. பெட்டுல படுத்தாச்சு. ஆஸ்பத்திரிக்காரனும் சொல்ல மாட்டான், வீட்டுக்காரனும் கேக்க மாட்டான்." ஆளுங்கட்சியைத்தான் சொல்கிறார் என்று தலையாட்டினேன்.

அவர் போனதும் ஒரு வியாழக்கிழமைதான். கிடங்கின் கதவுக்கு வெளியே, கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்றாமல், வெயிலில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தாராம். டீ கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். டீ வந்தபோது அவர் இல்லை. அன்று இங்கிலாந்தில் ஒரு இடைத்தேர்தல் இருந்தது. மறுநாள் விடியற்காலையில், பாதி மீசையோடு நான் பழக்கதோஷத்தில் நியூஸ் போட்டேன். ஆளுங்கட்சி தோற்றிருந்தது. மெதுவாக நடந்து வந்து எங்களிடம் சொல்ல ஆள் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம்? ரேடியோவை ஜெனிஃபர் கேட்டு வாங்கிக்கொண்டாள், அதுதான் நியாயம். கோட்டு முருகேசனிடம் இருக்கிறது. இந்த ஊரில் அதை வைத்து என்ன செய்வான் என்று தெரியவில்லை. எனக்கு மிஞ்சியது வெள்ளிக்கிழமை சீக்கிரம் விழிப்பு வருகிற வியாதி. விழித்ததும், எங்கோ பக்கவாட்டில் மழை பெய்கிற ஊரில் யார் ஜெயித்தார்கள் என்று பார்க்கிறேன். அதைவிட முக்கியமாக, யார் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்று பார்க்கிறேன். எதற்கு என்று ஊரிலிருந்து என் மனைவி போனில் கேட்கிறாள். 

உடலை ஊருக்கு அனுப்பிய அன்று, ஏர்போர்ட்டில் சரக்கு ஆபீஸ் பெஞ்சில், மகளோடு இங்கிலாந்திலிருந்து வந்திருந்த சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "இடைத்தேர்தல் இடைத்தேர்தல்னே நாளைக் கடத்திட்டாரே சிஸ்டர். ஒரு மனுவைப் போட்டிருந்தா உங்களோட இருந்திருப்பாரு" என்றேன்.

அவர் இன்னும் பாதியாகவே கிடந்த என் மீசையைப் பார்த்தார். லேசாகச் சிரித்ததுபோல்கூட இருந்தது. "ஒங்ககிட்ட சொல்லலியா அண்ணே? அவரு அங்க இருந்திருக்காருல்லா. கல்யாணத்துக்கு முந்தி, கப்பல்ல வேல பாத்தப்ப, எறங்கி ஓடிட்டாரு. ஒரு மீன் பொரிக்கிற கடையில ஒளிஞ்சு நின்னாரு. பிடிச்சு அனுப்பிட்டானுவ. அந்தப் பேரு அவனுக்க கம்ப்யூட்டர்ல கெடக்கு. நாங்களும் எத்தனையோ தடவ மனு போட்டுப் பாத்தாச்சு. எவன் ஜெயிச்சாலும் இல்லன்னுதான் வரும்."

பிறகு ஜெனிஃபரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, யாருக்கோ ஞாபகப்படுத்துவதுபோல் சொன்னார்.

"நீங்க அல்வா வாங்கிக் குடுத்தீங்கல்லா, அந்த வாரமும் ஒண்ணு போட்டாரு."